வட்டிசினேட்: ஒரு சொல்லைப் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: 'வட்டிசினேட்' (vaticinate) என்ற ஆங்கிலச் சொல்லை, முன்கணிப்பதைக் குறிக்கும் பிரெடிக்ட் (predict) வருகிற இடத்தில் போடலாமா?

பதில்: வேண்டாம். லத்தீனில் 'வாட்டெஸ்' என்றால் குறி சொல்பவர், கவிஞருக்கும் அதே பெயர்தான். பின்பாதியில் ஒளிந்திருப்பது 'கனேரே', பாடுவது. அதாவது சாமி வந்தவர் வாயிலிருந்து வருகிற வாக்கு. சாட்டிலைட் படத்தைப் பார்த்து நாளை மழை என்பவர் கையில் கணக்கு இருக்கிறது, சாமி வந்தவரிடம் வாக்கு மட்டும்தான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்த சொல், இன்று 'பெரிய தீர்க்கதரிசி மாதிரி பேசுகிறார்' என்ற கிண்டல் தொனியிலும் வருவதுண்டு. ஆபீஸ் ரிப்போர்ட்டில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தமிழில் என்ன சொல்வது?

பதில்: அருள்வாக்கு சொல்வது. ஜோசியம் சரிவராது, அது கட்டம் போட்டுப் பார்க்கிற கணக்கு.

கேள்வி: என் ராசிக்கு இந்த வருடம் எப்படி?

பதில்: சொற்கள்தான் எனக்குத் தெரியும். ஜோசியரைப் பாருங்கள்.

கேள்வி: வாட்டிகன் என்ற பெயரும் இதிலிருந்து வந்ததுதானே?

பதில்: கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆலுஸ் கெல்லியுஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் அப்படி ஒரு விளக்கத்தை எழுதிவைத்தார். கூடவே, அவருக்கு முந்தைய ரோமானிய அறிஞர் வர்ரோ சொன்ன இன்னொன்றையும் தருகிறார்: பிறந்த குழந்தையின் முதல் அழுகையில் வரும் 'வா' என்ற ஒலியிலிருந்து வந்ததாம். ரோமர்களுக்கே இரண்டு கதை! எதையும் உறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: போப் இருக்கிற இடம், பொருத்தமாகத்தானே இருக்கிறது?

பதில்: போப் வருவதற்கு எவ்வளவோ முன்பே அங்கிருக்கும் குன்றுக்கு அந்தப் பெயர் உண்டு. பொருத்தத்தை வைத்து வேர் தேடினால் எந்தச் சொல்லுக்கும் எந்தக் கதையும் கட்டிவிடலாம். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஒலி ஒத்துப்போவது சாட்சி ஆகாது.

கேள்வி: 'வாட்டிசினியம் எக்ஸ் எவென்டு' என்ற லத்தீன் தொடருக்கு என்ன பொருள்?

பதில்: நல்ல கேள்வி. நடந்து முடிந்ததை, முன்பே சொன்னது போல எழுதுவது. பைபிளில் தானியேல் புத்தகத்தின் 11ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சிரியாவை ஆண்ட கிரேக்க அரசன் நான்காம் அந்தியோக்கஸின் போர்கள் வரை வரிக்கு வரி பொருந்துகிறது, அவன் சாவைச் சொல்லும் இடத்தில் தவறிவிடுகிறது. அதனால்தான் ஆய்வாளர்கள் பலரும் அந்தப் பகுதி கி.மு. 165 வாக்கில், அவன் சாவதற்குச் சற்று முன் எழுதப்பட்டது என்கிறார்கள். கி.பி. 3ஆம் நூற்றாண்டிலேயே போர்ஃபிரி என்ற தத்துவஞானி இந்த வாதத்தை வைத்தார். நம்பிக்கையோடு படிப்பவர்கள் இதை ஏற்பதில்லை, அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

கேள்வி: சரி, பிரெடிக்ட் என்பதற்குப் பதில்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். கூடாது.