வடசென்னையிலிருந்து சிலர் ஏன் கிராமத்துக்குக் குடிபோகிறார்கள்?

பிழைக்க நகரத்துக்கு வந்த குடும்பமோ அதன் பிள்ளைகளோ மறுபடி கிராமத்தில் குடியேறுவதைத்தான் ஊர் திரும்புவது என்கிறோம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டையில் பலருக்கு வேர் வெளிமாவட்டக் கிராமங்களில்தான்.

முதல் காரணம் வேலை. பெரம்பூர் பின்னி மில் 1996-இல் மூடியபின், ஆயுசுக்கும் ஒரே இடத்தில் சம்பளம் என்ற நிலை பல வீடுகளுக்குப் போய்விட்டது. வாடகையோ ஏறிக்கொண்டே இருக்கிறது. அடுத்தது காற்று: 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய்க் கசிவு, அதே மாதம் அம்மோனியா கசிவு. மூச்சிரைப்புள்ள பெரியவர்களை வைத்திருப்பவர் யோசிக்கத்தானே செய்வார்?

எந்த ஊருக்குப் போவது என்பதை உறவுதான் தீர்மானிக்கிறது. கிராமத்துப் பழக்கம் மொய் நோட்டு மாதிரி. அப்பா அன்று செய்தது இன்று மகனுக்குத் திரும்பும்: நடவுக்கு ஆள், அவசரத்துக்குக் கைமாற்று, திருவிழாவில் ஓர் இடம். நோட்டில் பெயரே இல்லாதவர் புதிதாக எழுதத் தொடங்க வேண்டும், வருஷக்கணக்கில் ஆகும். (சாதி பார்த்து ஒதுக்கும் ஊரில் அந்த நோட்டு கைக்கே வராது. அதனாலேயே திரும்பாதவர்கள் உண்டு.)

வடசென்னையில் ஒட்டுறவு இல்லாததால்தான் போகிறார்கள் என்று பலர் நினைப்பது தவறு. காசிமேட்டில் ஒரு வீட்டில் சாவு என்றால் தெருவே வந்து நிற்கும், கிளம்ப வைப்பது பெரும்பாலும் வாடகையும் புகையும்.