கல்லை நம்பலாமா, திரும்பி வந்த மணலை நம்பலாமா: கேள்வி பதில்

கடற்கரை அளவெடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். புதுச்சேரியில் திரும்பி வந்த மணலைப் பற்றியும் கல்சுவர்கள் பற்றியும் நீங்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், தலைமைச் செயலகத்துக்கு எதிரே மறுபடி மணல் வந்துவிட்டது. இனி பயமில்லைதானே?

பதில்: அப்படி நினைத்துவிடாதீர்கள் தம்பி. மணல் ஏன் போனது என்பதிலிருந்து பாருங்கள். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும், வாடைக்காற்று மாதங்களில் மட்டும் எதிர்ப்பக்கம் போகும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்ததும் அந்த ஓட்டம் அறுந்துபோய், தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரத்துக் கரையில் கல் மட்டும் மிஞ்சியது. 2018 வாக்கில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கடியில் இறக்கிய ஆப்பு வடிவ எஃகுப் பெட்டி, சுமார் 900 டன், அலையின் வேகத்தைத் தணித்து மணலைத் தங்க வைக்கிறது. நல்ல வேலைதான், மனதாரச் சொல்கிறேன். ஆனால் தங்குவதற்கு மணல் வந்துகொண்டே இருக்க வேண்டுமே! அதனால் கரை எவ்வளவு அகலம் என்று கேட்பதைவிட, முகத்துவாரத்தில் தேங்கும் மணலை இந்த வருடம் எத்தனை கன மீட்டர் தூர்வாரினார்கள், அதை எங்கே கொட்டினார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, எங்கள் குப்பத்தில் கல் கொட்டி ஆறு வருடம். மேலே பார்த்தால் அப்படியே இருக்கிறது. வீடு பத்திரமா?

பதில்: மேலே பார்க்காதீர்கள் அம்மா, வற்று நேரத்தில், அதாவது கடல்நீர் உள்வாங்கியிருக்கும்போது, இறங்கி அடியைப் பாருங்கள். சுவரில் மோதித் திரும்பும் அலை அடியிலிருக்கும் மணலைத்தான் முதலில் அரிக்கும். கீழ்வரிசைக் கல் முன்பக்கம் சரிந்திருந்தால், மண் வெளியேறாமல் இருக்கக் கல்லுக்கு அடியில் விரித்த வடிகட்டித் துணி இடுக்கில் கிழிந்து தொங்கினால், அது கெட்ட அறிகுறி. அப்புறம் சுவருக்குப் பின்னால் நடந்து பாருங்கள். ஒரு ஊரில் சுவர் கம்பீரமாக நின்றது, பின்னால் தெருவில் மட்டும் ஒரு சட்டி அளவுக்குக் குழி. கையை விட்டால் முழங்கை வரை போனது, உள்ளே ஈர மணல் நகர்ந்துகொண்டிருந்தது. கல்லிடுக்கு வழியாகக் கடல் மண்ணை உறிஞ்சினால் இப்படித்தான் ஆகும். அந்த மாதிரிக் குழி கண்டால் மழைக்கு முன்பே மனு கொடுங்கள்.

கேள்வி: 50 வருட அலைக்குக் கட்டியது என்றால் 50 வருடம் தாங்கும் என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. அந்த அலை எந்த வருடமும் வர 2 சதவீத வாய்ப்பு என்று அர்த்தம். 50 வருடத்தில் ஒருமுறையாவது வர 64 சதவீதம். 100 வருட அலைக்குக் கட்டினால்கூட அதே 50 வருடத்தில் 40 சதவீதத்தைத் தொடும்.

கேள்வி: தூண்டில் வளைவு போட்டால்?

பதில்: கரையிலிருந்து கடலுக்குள் நீளும் அந்தக் கல் தடுப்பு ஓடும் மணலைப் பிடித்துக்கொள்ளும்; உங்கள் ஊருக்கு மணல் சேரும், வடக்கே அடுத்த ஊருக்குக் குறையும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் அரித்தது.

கேள்வி: நாங்களே அளக்க முடியுமா சார்?

பதில்: தாராளமாக. நகராத ஒரு தூணில் பெயின்ட் அடையாளம் வையுங்கள். அங்கிருந்து நீர்விளிம்பு வரை டேப் பிடியுங்கள், மாதம் ஒருமுறை, எப்போதும் வற்று நேரத்தில். ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிடுங்கள், ஜூலையோடு வேண்டாம். மூன்று வருடக் கணக்கு நோட்டில் இருந்தால் எந்த அலுவலகத்திலும் தைரியமாக எடுத்து வைக்கலாம்.