40 மணித்தியாலமும் உணவு வங்கியும்: களுவாஞ்சிகுடித் தங்கச்சிக்கு ஒரு பதில்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஸ்காபரோவுக்கு வந்து நாலு மாதமான ஒரு தாய் கேட்டிருக்கிறா: "மகள் ஒன்பதாம் வகுப்பு. 40 மணித்தியாலம் சம்பளமில்லாம வேலை செஞ்சாத்தான் டிப்ளோமாவாம். உணவு வங்கிக்குப் போகப்போறாளாம். படிக்க வந்த புள்ள பிச்சைக்காரரோட ஏன் நிக்கணும்? கோயில்ல நிண்டா காணாதா?"

தங்கச்சி, முதல்ல சட்டத்தைச் சொல்லிடுறன். 1999இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிள்ளைகளிலிருந்து ஒன்ராறியோவில் உயர்பாடசாலை டிப்ளோமாவுக்கு இந்த 40 மணித்தியாலச் சமூக சேவை கட்டாயம். ஒன்பதாம் வகுப்புக்கு முந்தின கோடை லீவிலேயே தொடங்கலாம். பாடம் நடக்கிற நேரத்தில் செய்யேலாது. மாமாட கடையில சம்பளத்துக்கு நிற்பதும், வீட்டில தம்பியைப் பார்ப்பதும் கணக்கில் வராது. வேலை செய்யிற இடத்தில், 14 வயது நிரம்பாத பிள்ளையோட பெரியவர் ஒருவர் கூட நிக்கணும். கோயில் அன்னதானத்தில் பரிமாறுவதை உங்கட பாடசாலை ஏற்குமா என்று போறதுக்கு முன்னமே கைடன்ஸ் ரீச்சரிட்ட (பிள்ளைகளுக்குப் படிப்பில வழிகாட்டுற ஆசிரியர்) கேளுங்க. செஞ்சு முடிச்சபிறகு "இது சேராது" என்றால் பிள்ளைக்குத்தான் நட்டம்.

இனி அந்தப் 'பிச்சைக்காரர்' கதை. உணவு வங்கி என்றது, தேவைப்பட்ட ஆக்களுக்குச் சாப்பாட்டுச் சாமானை இலவசமாக் குடுக்கிற இடம். ரொறன்ரோவின் டெய்லி பிரெட் உணவு வங்கி 1983இல் தற்காலிகம் என்று தொடங்கினது. 2024 அறிக்கையில், நகரத்தில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் உணவு வங்கியை நம்பியிருக்கினம். வேலைக்குப் போறவங்களும் அதுக்குள்ள இருக்காங்க. சம்பளத்தில பெரும்பங்கை வாடகை எடுத்தா மிச்சத்திலதானே சாப்பாடு. சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பிலயும் அம்பாறையிலயும் பள்ளிக்கூட முகாம்களில் நிவாரணக் கியூவில நின்றது யார்? முந்தின நாள் வரை வீடு வளவோட இருந்த சனம். மகளுக்கு இதைச் சொல்லி அனுப்புங்க, மிச்சம் அவளுக்கே விளங்கும். இன்னொன்றும் சொல்லுங்க: கியூவில வகுப்புப் பிள்ளையோ தெரிஞ்ச குடும்பமோ நிக்கலாம். அவங்களா பேசினா பேசணும். வீட்டுக்கு வந்தும் பேர் சொல்லக்கூடாது, உங்களிட்டயும்தான். படம் எடுக்கவே கூடாது.

முதல் நாள் அனேகமா பொருள் தரம் பிரிக்கிற மேசையில விடுவாங்க. விரல் மூடின சப்பாத்து, கட்டின தலைமுடி, வளையல் வேண்டாம். ரின்னைக் கையில எடுத்து மேல் விளிம்பையும் பக்கப் பொருத்தையும் பெருவிரலால தடவிப் பார்க்கணும். நடுவில சின்ன நெளிவு பரவாயில்லை. விளிம்பிலோ பொருத்திலோ நெளிஞ்சிருந்தா, ஊதியிருந்தா, ஆழமா கறள் பிடிச்சிருந்தா எறியணும். காற்றுப் போகாத ரின்னுக்குள்ள வளர்ற ஒரு கிருமியின் நஞ்சு ஆளைக் கொல்லும், மணத்திலோ ருசியிலோ அது தெரியாமலும் போகலாம்.

திகதியிலதான் புதுசா வாறவங்க பிழை விடுறது. ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில இருக்கும். மாதத்துக்கு இரண்டே எழுத்து. 'எம்-ஏ' என்றால் மே, 'எம்-ஆர்' என்றால் மார்ச். மாறி வாசிச்சு நல்ல சாமானைக் குப்பையில போடுறது சாதாரணம். அதோட, 'பெஸ்ட் பிஃபோர்' (அதுவரைக்கும் சாமான் நல்ல தரத்தில இருக்கும் என்ற திகதி) காலாவதித் திகதி இல்லை. அது கடந்த ரின் சாமான்களை உணவு வங்கிகள் தங்கட விதிப்படி குடுக்கும். குழந்தைப் பால்மா போல சில சாமான் மட்டும் வேறு: அதில இருக்கிறது உண்மையான காலாவதி, ஒரு நாள் கடந்தாலும் எறியிறதுதான்.

பெட்டி கட்டும்போது வாழைப்பழப் பெட்டியை ரின்னால முழுக்க நிரப்பினா தூக்கேலாது, அடியும் பிஞ்சிடும். பாதிக்கு ரின், மேல பாரமில்லாத சாமான்.

வீடில்லாம தெருவில இருக்கிறவங்களுக்கு வேற கணக்கு. எங்கட ஆக்கள் அரிசியும் பருப்பும் தூக்கிட்டுப் போறாங்க. அடுப்பில்லாதவர் அதை எங்க வச்சு சமைக்கிறது? கையால இழுத்துத் திறக்கிற ரின், புதுக் காலுறை, தண்ணி, இதுகள் உதவும். வீட்டில சமைச்ச நூறு சோத்துப் பார்சலை பெரும்பாலான தங்குமிடங்கள் வாங்காது. பரிசோதிச்ச சமையலறையில சமைச்சு, சூடான சாப்பாட்டை 60 பாகை செல்சியசுக்குக் குறையாம வச்சிருக்கணும் என்பாங்க. கோவிக்காதீங்க, முதல்ல கோல் பண்ணி என்ன தேவை என்று கேளுங்க. பரிமாற விட்டா எல்லாருக்கும் ஒரே அகப்பை அளவு. கியூ முடிஞ்ச மறுகாதான் இரண்டாம் தரம். "வேணுமா?" என்று கேட்டுப் போடுறதும் முக்கியம், வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் உரிமை இருக்கு. தெருவில இருக்கிற ஆரையாவது கண்டு உதவி தேவைப்பட்டா 211க்கு அடிக்கலாம். எந்த இடத்தில என்ன உதவி கிடைக்கும் என்று சொல்லுவாங்க.

ஒக்டோபரிலயும் டிசம்பரிலயும் எல்லாப் பிள்ளைகளும் முண்டியடிப்பாங்க, இடம் கிடைக்காது. பெப்ரவரி, ஜூலையில கேட்டுப் பாருங்க. மணித்தியாலக் கணக்கை எழுதுற படிவத்தில, வேலை செய்யிற இடத்து மேற்பார்வையாளரிட்ட ஒவ்வொரு முறையும் அன்றைக்கே கையெழுத்து வாங்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பில தேடிப் போனா அவர் வேலை விட்டுப் போயிருப்பார்.