மொட்டைமாடி வெப்பமும் காப்புப் பலகையின் கனமும்: வாசகர் கேள்விகள்

கும்பகோணம்: 5 அங்குலக் கான்கிரீட் தளத்தின் மேல் தெர்மாகோல், எக்ஸ்.பி.எஸ். (அழுத்தி வார்த்த பாலிஸ்டைரீன் பலகை), பி.யு.எஃப். (பாலியூரித்தேன் நுரை) ஆகியவற்றை எவ்வளவு கனத்தில் போட வேண்டும்?

குடியிருப்புகளுக்கான 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018' விதிப்படி கூரையின் யு மதிப்பு, அதாவது கூரை வெப்பத்தை உள்ளே விடும் அளவு, 1.2-ஐத் தாண்டக் கூடாது. வெறும் கான்கிரீட் தளத்துக்கோ அது ஏறக்குறைய 3.5. அதை 1.2-க்குக் கொண்டுவர பி.யு.எஃப். 15 மி.மீ., எக்ஸ்.பி.எஸ். 17, தெர்மாகோல் 20 இருந்தால் போதும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடிக்கும் தளத்தால் இதே பலனைப் பெற ஒன்றேகால் அடி கனம் தேவைப்படும். தெர்மாகோல் வாங்குவதானால் கனத்துக்கு முன் அடர்த்தியைக் கேளுங்கள், டி.வி. பெட்டிக்குள் வரும் ரகம் தட்டோட்டின் பாரத்தைத் தாங்காது.

பாபநாசம்: இரண்டு மடங்கு கனம் போட்டால் வெப்பம் பாதியாகுமா?

ஆகாது. வெறும் தளத்தில் 100 பங்கு வெப்பம் இறங்குகிறது என்றால், 25 மி.மீ. தெர்மாகோல் அதை 30 ஆக்கும், 50 மி.மீ. 18 ஆக்கும்; 75 மி.மீ. 12 ஆக்கும். முதல் அங்குலம் செய்யும் வேலையை மூன்றாவது அங்குலம் செய்வதில்லை. ஏ.சி. இல்லாத வீட்டில் 50 மி.மீ.-க்கு மேல் செலவழிப்பது வீண்.

திருவாரூர்: எங்கள் வீட்டுக்கு எத்தனை அங்குலம் தேவை?

கூரை கான்கிரீட்டா, ஓடா, தகரமா என்றே எழுதாதவருக்கு நான் எந்த அங்குலத்தைச் சொல்வது?

மன்னார்குடி: 4 மி.மீ. வெள்ளித்தாள் குமிழித்தாள் 2 அங்குலத் தெர்மாகோலுக்குச் சமம் என்கிறார் விற்பனையாளர். தளத்தின் மேல் விரித்துச் சிமென்ட் கலவை போடலாமா?

இந்தக் கேள்வி கோடைக்குக் கோடை வருகிறது. நானும் சலிக்காமல் பதில் எழுதுகிறேன். வெள்ளித்தாள் வெப்பக் கதிர்வீச்சை மட்டுமே தடுக்கும். அதற்கு அதன் பளபளப்பான முகத்துக்கு எதிரே முக்கால் அங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும். கலவைக்குள் புதைத்தால் எஞ்சுவது 4 மி.மீ. குமிழியின் தடை மட்டுமே; அது 4 மி.மீ. தெர்மாகோலைக் காட்டிலும் பெரிதாக ஒன்றும் சாதிக்காது. ஈரச் சிமென்ட்டின் காரம் அலுமினியத்தைத் தின்றுவிடும் என்பது அடுத்த கேடு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு விற்பனையாளரின் பேச்சை நம்பி என் சொந்த மாடியிலேயே இதைச் செய்தேன். இரண்டு ஐப்பசி மழை கழித்து ஒரு மூலையை உடைத்துப் பார்த்தபோது, வெள்ளித்தாள் இருந்த இடத்தில் விரலில் ஒட்டும் சாம்பல் நிறப் பொடியும், நசுங்கிய பிளாஸ்டிக்கும், அவற்றுக்கு அடியில் ஈரமும்தான் இருந்தன. அதே தாளைத் தகரக் கொட்டகையின் அடிப்புறத்தில், இடைவெளி விட்டு, பளபளப்பு கீழ்நோக்கி இருக்குமாறு கட்டினால் நன்றாகவே உழைக்கும். கீழ்நோக்கிய முகத்தில் தூசி படியாது என்பதே காரணம். பொருள் பொய்யில்லை, அதை விற்கும் பேச்சுத்தான் பொய்.

நீடாமங்கலம்: அரவை ஆலை உமியைப் பொய்க்கூரையின் மேல் பரப்பலாமா?

பரப்பலாம். உலர்ந்த உமியின் வெப்பக் கடத்துதிறன் (குறைந்தால் நல்லது) 0.05 அளவில் இருப்பதால், 100 மி.மீ. உமி ஏறக்குறைய 70 மி.மீ. தெர்மாகோலுக்கு ஈடு. ஆனால் கூரை ஒழுகக் கூடாது. எலி நுழையக் கூடாது. மின்கம்பி அதற்குள் ஓடவே கூடாது.

நாகப்பட்டினம்: 50 மி.மீ. பி.யு.எஃப். அடைத்த ஐஸ் பெட்டியில் முன்போல ஐஸ் நிற்பதில்லை. 75 மி.மீ. பெட்டி வாங்கலாமா?

முதலில் பழைய பெட்டியை எடை போடுங்கள். வாங்கியபோது இருந்ததைவிடப் பல கிலோ கூடியிருந்தால், உள்தகட்டின் விரிசல் வழியே நுரைக்குள் நீர் புகுந்திருக்கிறது. நீர் பி.யு.எஃப்.-ஐவிட 25 மடங்கு வெப்பம் கடத்தும். நனைந்த காப்புக்குக் கனக் கணக்கே கிடையாது என்று இப்பகுதியில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! விரிசலை அடைக்கும் பழக்கம் இல்லையென்றால் 75 மி.மீ. பெட்டியும் இதே கதிக்குத்தான் வரும்.