புகை அறைக்குள் திரும்பினால் குழாயையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் கூடத்தில் விறகு எரிக்கும் கணப்பு இருக்கிறது. போன குளிர்காலத்தில் மூட்டியபோதெல்லாம் புகை அறைக்குள் வந்தது. பார்க்க வந்தவர், புகைபோக்கியின் உள்குழாயில் விரிசல், முழுதாக மாற்றியாக வேண்டும், இந்த வாரமே முன்பணம் கட்டுங்கள் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். உள்குழாயில் விரிசல் விட்டால் சூடும் புகையும் சுவருக்குள்ளும் மாடியறைக்குள்ளும் கசியும். கணப்பின் வாய் வழியாக முன்பக்கம் புகை வருவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு: டாம்பர் (புகைபோக்கியைத் திறந்து மூடும் தகடு) பாதிதான் திறக்கிறது, பறவைக்கூடு அடைத்திருக்கிறது, குழாய் குளிர்ந்து கிடக்கிறது, அல்லது விறகு ஈரம். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினாலும் புகை உள்ளே இழுபடும்.

கணப்பு முழுதாக ஆறியிருக்கும் நாளில் முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, டாம்பரைத் திறந்து, டார்ச் அடித்து மேலே பாருங்கள். டாம்பருக்குப் பின்னால் சிறு மேடை ஒன்று இருக்கும். மேலிருந்து விழும் சுள்ளியும் கரியும் அதில்தான் தங்கும். பிறகு குழாய்ச் சுவரைக் கம்பியால் கீறுங்கள். படிவு 3 மி.மீ. கனத்தை எட்டியிருந்தால், துடைக்காமல் தீ மூட்டக் கூடாது.

பொடியாக உதிரும் கரி பிரஷ்ஷுக்கு வந்துவிடும். மொறுமொறுவென்று செதிலாக இருப்பதும் கொஞ்சம் பாடுபட்டால் வரும். கண்ணாடிபோல மினுங்கும் கறுப்புத் தார் மட்டும் வராது. அதன்மேல் பிரஷ் வழுக்கிக்கொண்டு போகும். துடைத்தவர் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார், தார் அங்கேயே இருக்கும். மருந்து பூசி நொறுங்கவிட்டோ, சுழலும் சங்கிலியால் அடித்தோதான் அதை எடுக்க முடியும். இதற்கென்று விற்கும் 'சுத்தம் செய்யும் கட்டை'யை எரித்தால் படிவு கொஞ்சம் உலரும், அவ்வளவுதான். உதிர்வதும் அந்த மேடையில்தான் குவியும். இந்தத் தாரைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அது பற்றிக்கொண்டால் குழாய்க்குள் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது நல்ல குழாயும் விரிசல் விட்டுவிடும்.

சரி, விரிசல். கணப்புத் தரையில் உள்குழாயின் சுட்ட மண் சில்லுகள் விழுந்து கிடந்தால், பார்க்க வந்தவர் சொல்வது உண்மையாக இருக்கலாம்; சோதனை முடியும்வரை தீ வேண்டாம். இல்லையென்றால் ஆதாரம் கேளுங்கள். போனில் காட்டும் படம் யார் வீட்டுப் புகைபோக்கியோ! கேமராவை உங்கள் கணப்பின் வாயில் தொடங்கி, நடுவில் நிறுத்தாமல், உச்சிவரை உங்கள் முன்னாலேயே ஏற்றச் சொல்லுங்கள். தயங்கினால் அனுப்பிவிடுங்கள். பல இடங்களில் இந்த வேலைக்கு உரிமமே தேவையில்லை. வண்டியும் பிரஷ்ஷும் இருந்தால் நிபுணர். சோதிப்பவரே குழாயும் விற்கலாம், கேட்பாரில்லை. ஆகவே குழாய் விற்காத இன்னொருவரை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விறகு விற்பவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 'நன்றாகக் காய்ந்தது' என்பார்கள். கட்டையின் முனையில் ஈரம் அளக்கும் மீட்டரை வைத்துக் குறைந்த எண்ணைக் காட்டுவார்கள். முனை முதலில் காய்வது இயல்பு. ஒரு கட்டையைப் பிளந்து, புதிய முகத்தின் நடுவில் மீட்டரின் ஊசியைக் குத்துங்கள். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் என்றால் வேண்டாம்: அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூடு செலவாகும், குளிர்ந்த புகை குழாயில் தாராகப் படியும். பிளந்து, மேலே மூடி, பக்கங்களைத் திறந்துவிட்டு அடுக்கினால் காயக் குறைந்தது ஆறு மாதம். வைரம் பாய்ந்த கெட்டி மரத்துக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும்.

மூட்டும் நாளில் டாம்பரை முழுதாகத் திறந்து, அணைத்த தீக்குச்சியை அதன் கீழே பிடியுங்கள். புகை கீழே இறங்கினால் குழாய் குளிர்ந்திருக்கிறது. இரண்டு தாள் செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்தி, டாம்பருக்கு அடியில் ஒன்றிரண்டு நிமிடம் பிடித்தால் இழுக்கத் தொடங்கும். அப்போதும் இழுக்கவில்லையென்றால் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பாருங்கள்.

சாம்பலில் கங்கு சில நாட்கள்கூட உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் பையும் ஆகாது. கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் பொருத்தி, பட்டனை அழுத்தி ஒலிக்கிறதா என்று பார்த்த பிறகே முதல் தீயை மூட்டுங்கள்.