பாதியில் ஊரும் எஸ்எஸ்டி

கேள்வி: திருமண வீடியோ எடுப்பவன் நான். என் 1 டிபி எஸ்எஸ்டியில் (சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிரைவ்) 300 ஜிபி ஏற்றினால் முதலில் பறக்கிறது, அப்புறம் ஊர்கிறது. ஆயுள் முடியப் போகிறதா?

பதில்: பயப்படாதீர்கள். ஆயுள் வேறு, வேகம் வேறு. 2013 முதல் 2015 வரை டெக் ரிப்போர்ட் என்ற இணைய இதழ் 6 எஸ்எஸ்டிகளை, அவை சாகும்வரை எழுதி எழுதிச் சோதித்தது. அத்தனையும் 240 முதல் 256 ஜிபி வரையிலான ரகம்தான். மொத்தம் எழுதிய அளவில் எல்லாமே 700 டிபியைத் தாண்டின. ஒன்று 2,400 டிபி வரை தாங்கியது! இன்றைய மலிவு ரகங்களிடம் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. உங்கள் டிரைவில் மொத்தம் எத்தனை டிபி எழுதலாம் என்று நிறுவனம் தரும் உத்தரவாத அளவைப் பார்த்து, இதுவரை எழுதியது எவ்வளவு என்று கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் ஒப்பிடுங்கள்.

வேகத்துக்கு வருவோம். ஒரு செல்லில் (சிப்பில் தகவல் தங்கும் மிகச் சிறிய அறை) 3, 4 பிட் தகவல் வைக்கும் டிரைவ்கள், காலியிடத்தில் கொஞ்சத்தை எடுத்து, செல்லுக்கு 1 பிட் மட்டும் போட்டு வேகமாக எழுதும். அந்த இடம் நிரம்பியதும் உண்மை வேகம் தெரிந்துவிடும். என் 4 பிட் டிரைவ் விநாடிக்கு 500 எம்பியிலிருந்து 75க்கு இறங்கியது; அரை மணி நேரம் சும்மா விட்டதும் பழைய வேகம் வந்தது. நீங்களும் இப்படிச் சோதியுங்கள். வேகம் திரும்பினால் கவலை இல்லை. கால்வாசி இடத்தைக் காலியாக வைத்திருங்கள். மெமரி கார்டை மட்டும், இன்னொரு நகல் எடுக்கும்வரை அழிக்காதீர்கள். அது ஒரு குடும்பத்தின் கல்யாணம்.