முப்பது கழியும்வரை காத்திருக்க வேண்டாம்

உசிலம்பட்டிச் சகோதரிக்கு வணக்கம். பிறந்த 20 மணி நேரத்தில் குதிகாலில் எடுத்த இரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பியைத் தூண்டும் இயக்குநீர்) 28 என்றும், குழந்தைக்கு இன்று 5 நாள் என்றும், "முப்பது நாள் கழியட்டும்" என்று மாமியார் மறுபரிசோதனையைத் தடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். முதல் நாளில் அந்த அளவு எல்லாக் குழந்தைகளுக்கும் ஏறி இறங்குவது இயல்பு என்பதால் அந்த ஓர் எண்ணைக் கண்டு கலங்காதீர்கள்; ஆனால் மறுபரிசோதனையை நாளையே, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலாவது, செய்துவிடுங்கள். தைராய்டு சுரப்புக் குறைபாடு உறுதியானால், பிறந்த 2 வாரங்களுக்குள் தைராய்டு மாத்திரை தொடங்குவதே மூளை வளர்ச்சியைக் காக்கும். அதைப் பொடித்துப் பாலாடையில் சிறிது தாய்ப்பாலுடன் கரைத்துப் புகட்டலாம். தொப்புளில் போவிடோன் அயோடின் தடவியிருந்தால் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள், அதுவும் அளவை உயர்த்தக்கூடும்.

தைராய்டு சுரப்புக்கு அயோடின் வேண்டும் என்பதால், ஜாடியிலுள்ள கல் உப்பு அயோடின் சேர்த்ததுதானா என்று பையைப் பாருங்கள். பாலூட்டும் உங்களுக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை.